ஏழாவது துடிப்பு: ‘ரிதம் டொக்டர்’ விளையாட்டில் உழைப்பும் லயமும்

இலக்கிய ஆய்வேடொன்றிலே கணனி விளையாட்டைப் பற்றி எழுதப் புகுவோர் வாயிலிலேயே இரு சாராரை எதிர்கொள்ள வேண்டியவராகின்றனர். இத்தகைய விளையாட்டுக்கள் யாவும் ஏகபோக மூலதனத்தின் கேளிக்கைப் பண்டங்கள், அவற்றை ஆராய்வது காலவிரயம் என்பர் ஒரு சாரார். இதுவே இந்நூற்றாண்டின் புதிய கலை, பழைய அளவுகோல்கள் இதற்குப் பொருந்தா என்பர் மறுசாரார். நாவலும் சினிமாவும் தோன்றிய காலங்களில் இவ்விரு குரல்களும் கேட்டவையே. வெளித்தோற்றத்தில் இவை முரண்படினும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றன. குறித்த ஒரு விளையாட்டை எடுத்து, அது எவ்வாறு இயங்குகின்றது, அவ்வியக்கத்தினுள் எத்தகைய மனித உறவுகள் உறைந்துள்ளன என்று பார்க்க இரண்டுமே மறுக்கின்றன.

மலேசியாவைச் சேர்ந்த ஹாஃபிஸ் அஸ்மான் தொடக்கிய ‘செவன்த் பீட் கேம்ஸ்’ என்னும் சிறு குழுவினர் ஆக்கிய ‘ரிதம் டொக்டர்’ என்ற விளையாட்டை நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். பல்லாண்டு உழைப்பின் பின்னர், முழுமை பெறாத நிலையிலேயே, 2021 பெப்ரவரியில் இது விற்பனைக்கு வந்தது. அதன் பின்னர் அங்கம் அங்கமாக வளர்ந்தது. அதன் முதல் ஐந்து அங்கங்களே எமது கவனத்திற்குரியவை. லயத்தோடு இயைந்து விசையை அழுத்தும் விளையாட்டு வகையையும் பாத்திரங்களைத் தொடர்ந்து செல்லும் கதைவகையையும் ஒன்றாகப் பிணைத்த விசித்திரமான ஆக்கம் என்று இதனைப் பாராட்டுவோர் கூறுவர். அவ்விசித்திரத்தின் வேர் எங்குள்ளது என்பதே எமது வினா. விளையாட்டின் விதியும் அது கூறும் கதையும் இங்கே ஒரே பொருளைப் பற்றியன என்றும், அப்பொருள் பிறரது காலத்திற்குக் கட்டுப்பட்ட உழைப்பு என்றும் நாம் கருதுகின்றோம்.

லய விளையாட்டுக்களின் வரலாறு குறுகியது. 1996இல் யப்பானில் ‘பிளேஸ்டேஷன்’ கருவிக்காக மசாயா மட்சுஉராவின் குழுவினர் ஆக்கிய ‘பரப்பா த ராப்பர்’ இவ்வகையின் முன்னோடியாகக் கொள்ளப்படுவது. 1997இல் கொனாமி நிறுவனத்தின் ‘பீட்மேனியா’வும் 1998இல் அதே நிறுவனத்தின் ‘டான்ஸ் டான்ஸ் றெவலூஷ’னும் விளையாட்டு மண்டபங்களை நிறைத்தன. 2005இல் ‘கிற்றார் ஹீரோ’ அமெரிக்க வீடுகளுட் புகுந்தது. 2006இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘ரிதம் தெங்கோகு’, நீண்ட பாடல்களைக் கைவிட்டுச் சின்னஞ்சிறு வேடிக்கைக் காட்சிகளாக லயத்தைப் பிரித்துக் காட்டியது. ‘ரிதம் டொக்டர்’ பெரிதுங் கடன்பட்டிருப்பது இந்த இறுதி விளையாட்டுக்கே.

இவ்வகை விளையாட்டிற்குக் கதை எளிதிற் பொருந்துவதில்லை. லயம் இடையறாத காலத்தை வேண்டி நிற்பது. ஒரு கணம் தாமதித்தாலும் கெடுவது. கதையோ தயங்கும், பின்னோக்கும், ஒரு கணத்தை நீட்டி மற்றொன்றைச் சுருக்கும். ஆகவே பெரும்பாலான ஆக்கங்களிற் கதை என்பது ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் இடையே செருகப்பட்ட அட்டையாகவே நின்றுவிடுகின்றது. ‘பரப்பா’ இதனை ஓரளவு தீர்த்தது. அதன் நாயகனான நாய்க்குட்டி கராத்தே பயில்கின்றது, வாகனம் ஓட்டக் கற்கின்றது, சந்தையிற் பொருள் விற்கின்றது, கேக் செய்கின்றது. ஆசான் பாட மாணாக்கன் திருப்பிப் பாடுவதே விளையாட்டு. அன்றாட வேலைகளைக் கற்றலும் தாளத்தைக் கற்றலும் ஒன்றே என்ற எண்ணம் அங்கு வித்தாக இருந்தது. அவ்வித்தை வளர்க்க அவ்வாக்கியோர் முயலவில்லை. வேலைகள் அங்கே வேடிக்கைகளாகவே முடிகின்றன.

இனி ‘ரிதம் டொக்டர்’. மிடில்சீ என்னும் கற்பனை வைத்தியசாலை ஒன்றிற் பயிலுநராகச் சேர்கின்றோம். வைத்தியசாலைக்கு நாம் செல்வதில்லை. எங்கோ ஓரிடத்திலிருந்து, கணனி இணைப்பின் வழியாக, நோயாளரின் இதயத்திற்கு மின்னதிர்ச்சி கொடுப்பதே எமது பணி. நோயாளரின் இதயத்துடிப்பு ஒரு கோடாகத் திரையில் ஓடுகின்றது. ஆறு துடிப்புக்கள் கேட்கின்றன. ஏழாவதிற் கணனியின் இடைவெளி விசையை அழுத்த வேண்டும். முழு விளையாட்டிற்கும் அடிப்படை இந்த ஒரு விசையே. ஆட்டக்காரராகிய எமக்கு அவ்வுலகிற் பெயரில்லை, முகமில்லை. விசையை அழுத்தும் கை மட்டுமே உண்டு. பேஜ் என்னும் வைத்தியரும் இந்த முறைமையை வகுத்த இயன் என்பவரும் எம்மை வழிநடத்துகின்றனர். அவர்களுக்கு மேலே, விரைவையும் பலனையும் கேட்டு நிற்கும் நிருவாகம் உளது. அவர்கள் இருவரும் ஓய்வற்றவர்கள். ஆளணி போதாத ஒரு வைத்தியசாலையின் கதை இது என்பது முதல் அங்கத்திலேயே தெளிவாகிவிடுகின்றது.

ஏழு என்னும் எண்ணிக்கை பற்றி ஒரு விளக்கம் அவசியம். எமது இசைமரபில் மிசிர சாபுவை அறிந்தோர் இதனை உடனே அதனோடு ஒப்பிட முனைவர். அவ்வொப்பீடு பொருந்தாது. சாபுவில் ஏழும் ஒரு சுழற்சியின் உறுப்புக்கள். முதலாவதே வலிமை மிக்கது. இங்கோ முதல் ஆறும் பிறருடையவை, ஏழாவது ஒன்றே எம்முடையது. ஆறும் ஆயத்தம், ஏழாவது செயல். இந்த அமைப்பு எங்கிருந்து வருவது என்பதைச் சிறிது பின்னர் நோக்குவோம்.

விதி எளிது, நோய்களோ பல. ஒருவரது இதயத்திற் சில துடிப்புக்கள் ஒலியற்றுப் போகின்றன. திரையில் அவ்விடங்களிற் குறுக்குக்கோடுகள் மட்டும் தெரிய, மௌனத்தை நாம் எண்ணவேண்டும். வேறொருவரது துடிப்பு நேர்நடையை விட்டு ஊசலாடும் நடையிற் செல்கின்றது. ஒரே வேளையில் இருவரைக் கவனிக்க நேரும்பொழுது இருவரது சுழற்சிகளும் ஒன்றோடொன்று இணங்காது பின்னுகின்றன. ஒரு கையால், ஒரே விசையால், இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். இசைக்கோட்பாட்டின் ஒவ்வொரு கூறும் ஒவ்வொரு நோயாக வந்து நிற்கின்றது. நோய் என்பது ஒரு மனிதரின் நிலையாதலால் தாளத்தின் மாற்றம் ஒருவகைப் பாத்திரச் சித்திரிப்பும் ஆகிவிடுகின்றது. ஒருவர் மீதொருவர் கூச்சமிக்க காதல் கொண்ட இளையோர் இருவரின் துடிப்பு, தூக்கமற்ற ஒருவரின் துடிப்பு, ஆடுகளத்திற்கு மீள ஏங்கும் பேஸ்போல் வீரர் ஒருவரின் துடிப்பு என்பனவற்றை நாம் வசனங்களால் அறிவதற்கு முன்னர் விரலால் அறிகின்றோம். இதுவே இந்த ஆக்கத்தின் மெய்யான சாதனை எனலாம். கதை பாடல்களுக்கிடையே செருகப்படவில்லை. லயத்தின் உள்ளேயே இருக்கின்றது.

இரண்டாம் அங்கத்தில் வரும் இருவரின் பெயர்கள் கோல் புறூ, நிக்கோல் டிங் என்பன. முன்னது குளிர்நீரில் ஊறவைத்த கோப்பியையும் பின்னது புகையிலையின் நஞ்சையும் ஒலிக்கும் சிலேடைகள். இவற்றை வெறும் நகைச்சுவை என்று கடந்துபோதல் கூடும். ஆயினும் கோப்பியும் புகையிலையும் உறக்கத்தைப் பிற்போட்டு உழைப்பைத் தொடர உழைப்போர் நாடும் ஊக்கிகள் என்பதை மறத்தலாகாது. இந்த வைத்தியசாலைக்கு வருவோரிற் பலரது நோய் வேலையின் நோயே.

இந்த இடத்தில் லயத்தின் தோற்றம் பற்றிய பழைய விவாதமொன்றை மீட்டல் வேண்டும். செர்மானியப் பொருளியலாளரான கார்ல் பியூஹர் 1896இல் வெளியிட்ட ‘உழைப்பும் லயமும்’ என்னும் நூலில், உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய வேலைப்பாடல்களைக் கொண்டு, உழைப்பும் இசையும் கவிதையும் தொடக்கத்தில் ஒன்றாயிருந்தன என வாதிட்டார். இக்கருத்தை மார்க்சிய நோக்கில் விரித்தவர் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன். இவரிடமே எமது பேராசிரியர் க. கைலாசபதி கலாநிதிப் பட்டத்திற்கான ஆய்வினை மேற்கொண்டார் என்பதும், அவ்வாய்வு 1968இல் தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய நூலாக வெளிவந்தது என்பதும் இவ்வேட்டின் வாசகர் அறிந்ததே. எமது விமரிசன மரபில் ‘உழைப்பிற் பிறந்தது லயம்’ என்ற கருத்து வேரூன்றியமைக்கு இத்தொடர்பும் ஒரு காரணம்.

‘மார்க்சியமும் கவிதையும்’ என்ற 1945ஆம் ஆண்டுச் சிறுநூலில் தொம்சன் உழைப்புக் கூவலின் அமைப்பினை ஆராய்கின்றார். படகு வலிப்போரும் பாரம் இழுப்போரும் எழுப்பும் கூவல் இரு பகுதிகளையுடையது என்பது அவர் காட்டும் உண்மை. முதற்பகுதி ஆயத்தத்திற்குரிய சைகை, இரண்டாவது எல்லோரும் ஒருங்கே வலுவைச் செலுத்தும் கணம். முதற்பகுதி நீண்டு, சொற்களை ஏற்றுப் பாடலாக வளரக்கூடியது. இரண்டாவது மாறாதது. எமது கடற்கரைகளிற் கரைவலை இழுப்போரை அறிந்தவர்க்கு இது புதிய செய்தியன்று.

இப்பொழுது ‘ரிதம் டொக்டரின்’ ஏழு துடிப்பை மீள நோக்குக. ஆறு ஆயத்தம், ஒன்று செயல். ஆறும் எத்தனையோ விதமாக மாறலாம், ஏழாவது மாறுவதில்லை. உழைப்புக் கூவலின் எலும்புக்கூடு அப்படியே இங்கு நிற்கின்றது. இதனை ஆக்கியோர் தொம்சனைப் படித்தனர் என்று நாம் கூறவரவில்லை. ஒரேயொரு விசையைக் கொண்டு லயத்தைக் கட்டமைக்க முற்படும் எவரும் வந்தடையக்கூடிய வடிவம் அது. ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கூவலிற் சைகை கொடுப்போரும் இழுப்போரும் ஒரே குழுவினர். ஒருவர் கையும் மற்றவர் கையும் ஒரே கயிற்றிலுள்ளன. இங்கோ சைகை ஒரு நோயுற்ற உடலிலிருந்து வருகின்றது. செயல் எங்கோ தனித்திருக்கும் ஒரு கையிலிருந்து பிறக்கின்றது. இடையில் இருப்பது ஒரு கம்பி. கூட்டுழைப்பின் லயம் தன் கூட்டத்தை இழந்து வந்திருக்கின்றது.

அவ்விழப்பு எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு விரிந்த சரித்திரம் உண்டு. ஈ. பி. தொம்சன் — முன்னவரோடு மயங்கற்க; இவர் வரலாற்றாசிரியர் — 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், செய்யும் கருமத்தின் இயல்பினால் நிருணயிக்கப்பட்ட வேலைநேரம் எவ்வாறு கடிகாரத்தினால் நிருணயிக்கப்படும் வேலைநேரமாக மாறிற்று என்பதை இங்கிலாந்தின் சான்றுகள் கொண்டு நிறுவினார். வேலை லயத்தைப் பிறப்பித்த காலம் போய், புறத்தே நின்ற காலம் வேலையை ஆளத் தொடங்கிற்று. தொழிற்சாலையின் இரைச்சலில் வேலைப்பாடல் அமிழ்ந்தது. பின்னர் பாடல் திரும்பி வந்தது. தொழிலாளரின் தொண்டையிலிருந்தன்று, ஒலிபெருக்கியிலிருந்து. பி.பி.சி. நிறுவனம் 1940 யூன் மாதத்தில் ‘வேலை செய்கையில் இசை’ என்ற நிகழ்ச்சியை ஆரம்பித்தது. போர்க்கால ஆலைகளில் உற்பத்தியைப் பெருக்குதற்கென ஒலிபரப்பப்பட்ட அந்நிகழ்ச்சி 1967 வரை நீடித்தது. உழைப்போர் தமக்காகப் படைத்த லயம் உழைப்போரை நோக்கி ஏவப்பட்ட லயமாயிற்று.

அடோர்னோ 1941இல் எழுதிய வெகுசன இசை பற்றிய கட்டுரையில், லயத்திற்குக் கீழ்ப்படியும் கேட்போர் என்று ஒரு வகையினரைக் குறிப்பிட்டார். இடையறாத அடியினின்றும் வழுவாது நிற்பதே இவர்க்கு இன்பம்; அவ்வின்பம் இயந்திர ஒழுங்கிற்குத் தம்மை ஒப்புக்கொடுத்தலின் இன்பமே என்பது அவர் முடிபு. வெகுசனக் கலைகளைப் பற்றிய அடோர்னோவின் வெறுப்பினை நாம் முற்றாக ஏற்பதில்லை. ஜாஸ் இசையைப் பற்றி அவர் எழுதியவை அவரது செவியின் குறைபாட்டையே காட்டுவன. எனினும் லய விளையாட்டுக்களைப் பொறுத்தவரை அவர் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நாள் முழுவதும் விசைப்பலகையின் முன்னிருந்து பிறர் நேரத்திற்கு வேலை செய்த ஒருவர், இரவில் அதே விசைப்பலகையின் முன்னமர்ந்து, திரை காட்டும் கணத்தில் விசையை அழுத்தி, இறுதியில் ஒரு தரக்குறியைப் பெற்று மகிழ்கின்றார். ஓய்வு என்பது வேலையின் நிழலாகிவிடுகின்றது. பெரும்பாலான லய விளையாட்டுக்கள் இவ்வுண்மையை வண்ண ஒளிகளால் மறைக்கின்றன. ‘நீ இசைக்கலைஞன்’ என்கின்றன. கிற்றார் போன்றதொரு பிளாஸ்திக்குப் பொம்மையைக் கையிற் கொடுக்கின்றன.

‘ரிதம் டொக்டர்’ மறைப்பதில்லை. ‘நீ பயிலுநர், இது உனது வேலை, இவ்வளவே நீ செய்யக்கூடியது’ என்பதே அதன் தொனி. இசைக்கலைஞன் என்னும் மாயையை அது எமக்கு வழங்கவில்லை.

மருத்துவ உண்மையோடு ஒப்பிட்டால் இது மேலும் துலக்கமுறும். ஏழாவது துடிப்பில் மின்னதிர்ச்சி என்பது கற்பனையே. ஆயினும் அதிர்ச்சியின் கணம் முக்கியமானது என்பது கற்பனையன்று. இதயத்தின் சில லயக்கோளாறுகளைச் சீர்செய்யும்பொழுது, இதய மின்வரைவில் உயர்ந்தெழும் கூர்முனையோடு பொருந்துமாறு அதிர்ச்சி கொடுக்கப்படுகின்றது. பிழையான கணத்திற் கொடுத்தால், சீர்செய்ய வந்த அதிர்ச்சியே உயிராபத்தான கோளாறொன்றைத் தோற்றுவித்தல் கூடும். அக்கணத்தைத் தெரிந்தெடுப்பது மருத்துவரின் கையன்று; கருவியே. மருத்துவர் பொத்தானை அழுத்தியபின் கருவி அடுத்த கூர்முனைக்காகக் காத்திருந்து அதிர்ச்சியைச் செலுத்துகின்றது. இவ்வாறாக, நடைமுறையில் இயந்திரம் செய்துவிட்ட ஒரு வேலையை இந்த விளையாட்டு மனிதக் கைக்குத் திருப்பிக் கொடுக்கின்றது. கைத்தொழிலில் தொழிலாளி கருவியைப் பயன்படுத்துகின்றான், ஆலையிலோ இயந்திரமே அவனைப் பயன்படுத்துகின்றது என மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் விளக்கினார். இங்கு அதனினும் ஒரு படி மேற்சென்று, இயந்திரத்தின் ஓர் உறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் மனிதர் ஒருவர் அமர்த்தப்படுகின்றார். தானியங்கி முறைமைகள் என்று விற்கப்படும் பலவற்றின் பின்னே, உலகின் ஏதோவொரு மூலையில், குறைந்த ஊதியத்திற்குத் திரையைப் பார்த்து விசையை அழுத்தும் கைகள் இருப்பதை அண்மைக்காலத்தில் நாம் அறிந்துள்ளோம். 2020இன் பெருந்தொற்று வீடுகளைப் பணிமனைகளாக்கியதற்கு முன்பே கருக்கொண்ட இந்த ஆக்கம், முகமற்ற தொலைவுப் பயிலுநரைத் தன் மையத்தில் வைத்தமை குறிப்பிடத்தக்கது.

ஆனால் இங்கே அடோர்னோவின் கூற்றிற்கு ஒரு மறுப்பும் உண்டு. நாம் கீழ்ப்படிவது கடிகாரத்திற்கன்று, ஓர் உடலுக்கு. அவ்வுடல் இடறுகின்றது, தயங்குகின்றது, தன் நடையை மாற்றுகின்றது. இயந்திர ஒழுங்கோடு எண்ணிக்கொண்டிருப்பவர் இந்த விளையாட்டிற் தோற்பர். நோயாளரைச் செவிமடுப்பவரே வெல்வர். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரின் விரல் கேட்கும் காலமும் தொழிற்சாலைச் சங்கு ஊதும் காலமும் ஒன்றல்ல. இவ்விரண்டு காலங்களுக்கும் இடையிலான மோதலே இந்த ஆக்கத்தின் உள்முரண்பாடு எனக் கொள்ளலாம். நோயாளர் தம் வேகத்திற் குணமடைய வேண்டியவர். நிருவாகம் தன் வேகத்தில் அவரை வெளியேற்ற வேண்டியது. இருவருக்குமிடையே நிற்கின்றது கை.

இம்முரண்பாடு உச்சமடைவது மூன்றாம் அங்கத்தின் இறுதியில் வரும் ‘வன் ஷிஃப்ட் மோர்’ என்னும் பகுதியில். இன்னுமொரு வேலைமுறை என்று அத்தலைப்பினைத் தமிழாக்கலாம். ‘லே மிஸராப்ல்’ இசைநாடகத்தின் முதற்பகுதி முடிவிலே, பாத்திரங்கள் பலரும் தத்தம் பாட்டை ஒருவர் மேலொருவர் அடுக்கிப் பாடும் பெயர்பெற்ற காட்சியின் வேடிக்கைப் போலியாக இது அமைந்துள்ளது. அங்கே நாளைய புரட்சியை எதிர்நோக்கிய கூட்டம். இங்கே நாளைய மேலதிக நேர வேலையை எதிர்நோக்கிய கூட்டம். நகைச்சுவை என்ற போர்வையின் கீழ் மிகக் கசப்பானதொரு ஒப்பீடு இது. வைத்தியசாலையில் அதுவரை தனித்தனியாக வருந்திய குரல்கள் முதன்முறையாக ஒன்றாகக் கேட்கின்றன.

அந்த வேளையில் எமது நிலை என்ன? அவர்கள் பாடப் பாட நாம் ஏழாவது துடிப்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வேலைச்சுமையைப் பற்றிய பாடல் எமது வேலையின் மீது நின்றே ஒலிக்கின்றது. கை ஓய்ந்தால் பாட்டும் பாழ். எமது சகாக்கள் களைப்பைப் பாடுகின்றனர். எமக்கோ பாடுதற்கு வாயில்லை. விளையாட்டுக்களில் வேலைநிறுத்தம் பற்றி உரத்துப் பேசும் ஆக்கங்களை விட, இந்தச் சில நிமிடங்கள் கூலியுழைப்பின் இயல்பை ஆழமாக உணர்த்துவதாக நாம் கருதுகின்றோம். காரணம், இங்கே அது சொல்லப்படவில்லை, விரலிற் சுமத்தப்படுகின்றது.

எனினும் இதன் எல்லைகளையும் மறைத்தலாகாது. களைப்பைக் காட்டும் துணிவு இந்த ஆக்கத்திற்கு உண்டு. களைப்பின் காரணத்தைத் தேடும் துணிவு குறைவு. ஆளணி ஏன் போதவில்லை, பணம் எங்கிருந்து வருகின்றது, எங்கே நிற்கின்றது என்ற வினாக்கள் தலைகாட்டி மறைகின்றன. அவற்றின் இடத்தை நல்லுள்ளங் கொண்ட தனிமனிதரின் விடாமுயற்சி நிரப்புகின்றது. பேஜும் இயனும் நல்லவர்கள், நிருவாகம் கண்டிப்பானது, அன்பும் நட்பும் வென்றால் யாவும் சீராகும் என்ற மனோரதியம் கதையின் அடியில் ஓடுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்த நாவல்கள் பலவும் இந்த இடத்திலேயே நின்றுவிட்டன. கொடிய முதலாளிக்குப் பதிலாக நல்ல முதலாளி; முறைமை முன்போலவே. வடிவத்தினூடாக இந்த விளையாட்டு அறிந்துள்ள உண்மையை அதன் வசனங்கள் அறியவில்லை எனலாம். உருவம் உள்ளடக்கத்தை முந்திச் செல்லும் இத்தகைய சந்தர்ப்பங்கள் விமரிசகனுக்கு மிகுந்த பயனுடையவை.

ஆக்கியோரின் உற்பத்தி நிலைமையும் இவ்வெல்லையோடு தொடர்புடையது. ‘சுயாதீன விளையாட்டு’ என்ற தொடர் இன்று தாராளமாக வழங்குகின்றது. எதனிடமிருந்து சுயாதீனம்? பெரும் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இவர்கள் இல்லை என்பது மெய். ஆனால் தாம் ஆக்கியதை விற்பதற்கு இவர்கள் ‘ஸ்டீம்’ போன்ற விநியோகத் தளங்களைச் சார்ந்தே இருக்கின்றனர். அத்தளம் விற்பனை வருமானத்தில் 30 சதவீதத்தை வழக்கமாக எடுத்துக்கொள்வது. 2018இன் இறுதியில் அது ஒரு சலுகையை அறிவித்தது. ஒரு விளையாட்டு ஒரு கோடி டொலருக்கு மேல் ஈட்டினால், அதற்கு மேற்பட்ட பகுதியில் 25 சதவீதமே எடுக்கப்படும். ஐந்து கோடியைத் தாண்டினால் 20 சதவீதம். பெரியவர் குறைவாகவும் சிறியவர் நிறைவாகவும் செலுத்தும் இந்த வாரத்தை நிலவுடைமைக் காலத்துக் குத்தகையாளரும் புரிந்துகொள்வர். முழுமை பெறாத ஆக்கத்தை முன்கூட்டியே விற்று, அவ்வருவாயைக் கொண்டு எஞ்சியதை ஆக்குவது என்ற முறையும் சிறு உற்பத்தியாளரின் இக்கட்டிலிருந்து பிறந்ததே. ஆக்கம் முற்றுப்பெறும் வரை ஆக்கியோரும் ஒருவகையில் ‘இன்னுமொரு வேலைமுறை’யிலேயே இருக்கின்றனர்.

இன்னொரு செய்தியும் உண்டு. இவ்விளையாட்டோடு பகுதிகளைத் தாமே அமைக்கும் கருவியும் வழங்கப்படுகின்றது. ஆட்டக்காரர் அதனைக் கொண்டு புதிய நோயாளரையும் புதிய லயங்களையும் உருவாக்கித் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர். இதனை ஊதியமற்ற உழைப்பு என்று மட்டும் சொல்லிவிடுதல் அவசரப்புத்தி. அவ்வுழைப்பின் பலன் விற்பனையைப் பெருக்குகின்றது என்பது உண்மை. அதே வேளை, ஏழாவது துடிப்பை மட்டும் அழுத்தி வந்த கைகள் முதல் ஆறையும் தாமே ஆக்கத் தொடங்குகின்றன என்பதும் உண்மை. நுகர்வோன், உற்பத்தியாளன் என்ற பழைய பிரிவினை இங்கே எவ்வாறு இளகுகின்றது, எந்த அளவிற்கு இளக விடப்படுகின்றது என்பது தனியாக ஆராயற்பாலது.

இறுதியாக, முதலாம் அங்கத்தின் முடிவில் வரும் ஒரு பகுதியைக் குறிப்பிட விரும்புகின்றோம். தூக்கமற்ற படைவீரர் ஒருவர் நோயாளர். சிகிச்சை நடந்துகொண்டிருக்கையிற் கிருமியொன்று இணைப்பினைத் தாக்குகின்றது. படம் சிதறுகின்றது, கோடு முறிகின்றது, துடிப்பைக் காட்டும் அடையாளங்கள் யாவும் குலைகின்றன. அதுவரை கண்ணை நம்பி வந்தவர் அந்நேரத்திற் கைவிடப்படுவர். செவி மட்டுமே துணை. நாம் இப்பகுதியிற் பலமுறை தோற்றோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழக விடுதியறையொன்றில் மாணவர் சிலர் சூழ்ந்திருக்க இது நிகழ்ந்தது. ஆறாம் முறையோ ஏழாம் முறையோ, திரை சிதறத் தொடங்கிய கணத்தில், பின்னால் நின்ற ஒருவர் மேசையின் விளிம்பில் விரலால் எண்ணத் தொடங்கினார். மற்றொருவர் சேர்ந்துகொண்டார். பின்னர் அறையில் இருந்த யாவரும், திரையை எவரும் பாராது, ஆறு வரை தட்டினர். ஏழாவதில் நாம் அழுத்தினோம்.